சுருங்கிய கைப்பிடி

வடக்கே பனங்காடு தன் நிழலை மெல்ல நீட்ட, தெற்கே கடல் ஈயத்தகடு போல் அசைவற்று வெளிறிக் கிடக்க, இடையே மீன் உலரும் மணல்வெளியோடு பெரியபட்டினம் பிற்பகல் வெயிலில் களைத்திருந்தது. ஊர்க்கோடியிலிருந்த தன் வனைகூடத்தில் மாரிச்செல்வி, இருபத்தாறு ஆண்டுகள் மண் வனையும் திரிகை முன் குனிந்து கூன் கண்ட முதுகைச் சுவரில் சாய்த்து, சூளையின் திறந்த வாயையே நோக்கியிருந்தாள்.

கற்றறிந்த அன்பரே, உண்கலமும் வனைந்து உருவச் சிலையும் சமைக்கும் அவளைச் சென்னைக் கண்காட்சி ஒன்று ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அழைத்திருந்தது. ஆளுயர மங்கைச் சிலையை ஐந்து கூறுகளாய்ச் சமைத்திருந்தாள். நான்கு வெந்துவிட்டன, தலை மட்டும் எஞ்சியது. மூன்றாம் நாள் வண்டி வரும். அதற்குள் சூளை ஒருமுறைதான் எரியும்.

ஆயின் குவளையொன்றும் காத்திருந்தது. வாதத்தால் விரல்கள் மடங்கிப்போன முதிய படகோட்டி வாவு முகம்மது, மனைவி சாலிஹா ஊட்டும் கஞ்சியை நாணத்தால் மறுத்து நாளுக்கு நாள் மெலிந்து வந்தார். அவர் கைக்குள் ஈரக்களிமண்ணை அழுத்தி, அவர் தாமே பருகவென்று ஒரு குவளைக்கு அந்தப் பிடியின் வடிவிலேயே கைப்பிடி அமைத்துத் தந்தாள் மாரிச்செல்வி. வேகும் மண் எட்டில் ஒரு பங்கு சுருங்குமென்பதை, தொழிலுக்குப் புதியவரும் மறவாத அதனை, அயர்ச்சியில் மறந்தாள். வெந்த பிடிக்குள் விரல் நுழையவில்லை.

“ஏத்தா, படைச்சவன் என் கையச் சுருக்குனான், நீ குவளையச் சுருக்கிட்ட. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீகளா?” என்று அவர் சிரித்தபோது அவள் தலை குனிந்தாள்.

பெரிதாக்கி வனைந்த மறுகுவளை இப்போது உலர்ந்து நின்றது. தடித்த தலைக்கு இளஞ்சூடு வேண்டும். கஞ்சி ஊறாத குவளைக்கோ கடுஞ்சூடு வேண்டும். இரண்டும் ஒருங்கே வேகா.

“விடு தாயி, அடுத்த சூளையில பாத்துக்குவோம். உனக்குப் பேரு வார நேரம்” என்றாள், செய்தியறிந்து வந்த சாலிஹா.

“பேரு எங்கன ஓடிரப் போகுது, லாத்தா? அண்ணன் வயிறுதான் காயுது.”

சிலையின் தலையை அப்புறப்படுத்தி, குவளையைச் சூளையில் வைத்தாள். தலையில்லா மங்கையை ஏற்க இயலாதென்று கண்காட்சியார் அறிவித்தனர். அவளுக்குரிய இடம் வேறொருவருக்குப் போயிற்று.

மூன்றாம் நாள், வண்டி வராத காலையில், வாவு முகம்மது மடங்கிய விரல்களைப் பிடிக்குள் நுழைத்து, நடுங்க நடுங்கக் குவளையைத் தூக்கினார். பாதிக் கஞ்சி மடியில் சிந்தியது. மீதியைப் பருகி முடித்தார்.

“உப்பு கொறச்சல்” என்றார், மனைவியைப் பார்த்து.

“இம்புட்டு நாளா வாயே தொறக்கல, இப்பக் கொற சொல்லுறாக” என்ற சாலிஹா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாரிச்செல்வியின் முதுகுவலி அன்றும் தீரவில்லை. கண்காட்சியார் மீண்டும் அழைக்கவுமில்லை. புகழ் வந்து சேராத உழைப்பெல்லாம் வறிதே கழிந்ததென்பார் இருக்கட்டும்; ஒருவர் தம் உணவைத் தம் கையாலேயே உண்ணச் செய்த களைப்பை இறைவன் மறவான் என்றே நாம் நம்புவோம்.