ஆபீசர் குடித்த டீ

என் தம்பி கியாசுதீன் பஞ்சாயத்து மெம்பர் ஆனதற்குத் தன் மூளைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு மூளை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவனை ஜெயிக்க வைத்தது என் கால்கள். மீன்காரத் தெரு, எங்கள் பள்ளிவாசல் தெரு, கூலிக்காரர் குடிசைகள் என்று ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கியவள் நான். "எந்தம்பி பெட்டியில ஓட்டப் போடுங்கடி. நல்ல தண்ணி உங்க வூட்டாண்ட வரும்" என்று சொன்னேன். எதிரே நின்றவர்கள் ரோடு போடுகிறோம், விளக்குப் போடுகிறோம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் என்கிற ஒரே சொல்லை வைத்து அத்தனை பேரையும் மண்ணைக் கவ்வ வைத்தேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை! இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்புக் கால்வாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊர். எங்கே தோண்டினாலும் உப்புத்தான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பால் ஊற்றினால் திரிந்துபோகும். குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் நாங்கள் விடிவதற்குள் கூட்டமாகக் கிளம்பி, கால்வாயில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரைக் கடந்து, அக்கரையில் இருக்கிற ஊற்றுக்குப் போகவேண்டும். திரும்பும்போது தலையில் குடம், காலடியில் வழுக்கும் சேறு.

தேர்தலுக்கு முந்தின ஐப்பசியில் அந்தச் சேற்றில்தான் பாப்பா விழுந்தாள். மீன் கூடை சுமக்கும் காசியம்மாளின் மருமகள். வயிற்றில் பிள்ளை இருந்தது. தங்கவில்லை. நானும் காசியம்மாளும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டோம். காசியம்மாள் அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "சைனம்பு, உந்தம்பி எலெக்சன்ல நிக்கிறான்னு சொல்றாங்களே. நமக்கு ஒரு கெணறு வெட்டித் தருவானா?" என்று மட்டும் கேட்டாள். தருவான் என்றேன். அல்லா மேல் ஆணையாகச் சொன்னேன்.

எங்கே வெட்டவேண்டும் என்பதும் ஊருக்கே தெரியும். வடக்கே மணல்மேட்டில் வாசுதேவன் ஐயாவின் தென்னந்தோப்பு இருக்கிறது. பெய்கிற மழையெல்லாம் அந்த மணலில் இறங்கி அடியிலே தங்கும். தோப்புக் கிணற்றுத் தண்ணீர் அப்படியே இளநீர்தான். தோப்பு வேலிக்குப் பின்னாலேயே அதே மேட்டில் ஊர்ப் பொது நிலம் கிடக்கிறது. அங்கே வெட்டினால் போதும், போகிற வழி மட்டும் தோப்புக்குள்ளே. சர்க்கார் பணமும் வந்தது. ஆனால் கிணறு வெட்டியது மேட்டில் இல்லை, கால்வாயோரம். தண்ணீரை வாயில் வைத்த காசியம்மாள் தூவென்று துப்பினாள். அதற்குக் கடல் தண்ணீரையே குடிக்கலாம்.

நான் நேராகக் கியாசுதீனிடம் போய்ச் சண்டை போட்டேன். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நான் இன்னா பண்ணட்டும்கா? மெம்பருங்க எல்லாம் ஒண்ணா சேந்துகினானுங்க. நான் ஒத்த ஆளு" என்றான். பிறகு அவனே ஆறுதலும் சொன்னான். "செங்கல்பட்லேர்ந்து கெணறு பாக்குற ஆபீசர் வருவாரு. தண்ணி உப்புன்னு அவரு எழுதினா வேற எடத்துல வெட்டித்தான் ஆகணும். ரூல் கீது. அப்ப மேட்டத் தவிர வேற எடமே இல்ல. நீ கவலப்படாத." நம்பினேன். எங்கள் அம்மா போனபின் இடுப்பிலேயே வைத்து வளர்த்த பிள்ளை. அவனை நம்பாமல் யாரை நம்புவது?

ஆபீசர் வருவதற்கு முந்தின சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். என் வீட்டுக்காரர் மதார் சாகிப் கடையில் இருந்தார். பஸ் நிற்கிற இடத்தில் எங்களுக்கு ஒரு டீக்கடை. தோப்புக்குச் சொல்லிவைத்து, அங்கே மிஞ்சுகிற தண்ணீரை விலைக்கு வாங்கித்தான் கடை நடத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த ஆபீசருக்கு வவுத்துக் கோளாறு. கொதிக்காத தண்ணிய வாயில வெக்க மாட்டாராம்" என்றான் கியாசுதீன். "அதனால ஒண்ணு சொல்லிகீறேன். அவரு கண்ணெதிர்க்கவே தண்ணிய எறைச்சி, மச்சான் கடையில டீ போட்டுக் குடுத்துடலாம்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் டீ போட்டால் பால் தயிர் மாதிரி கட்டிகட்டியாக மிதக்குமே! அதைவிடச் சாட்சி வேறு என்ன வேண்டும்?

"போடா, நீ எமனாச்சே!" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

அவனும் சிரித்தான். "ஆனா பொம்பளைங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாதுக்கா. கூச்சல் போட்டா, எவனோ தூண்டி வுட்டு வந்துகீறாங்கன்னு நெனப்பாரு. சும்மா நில்லுங்க. மத்ததெல்லாம் டீ பாத்துக்கும்."

அப்போதே வீடு வீடாகக் கிளம்பிவிட்டேன், ஓட்டுக் கேட்டபோது போன மாதிரியே. நாளைக்கு எவளும் மூச்சுவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். காசியம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏன் பேசக் கூடாது? பாப்பாவ இட்டுகினு போயி அவரு முன்னாடி நிறுத்தப்போறேன். எம்மருமவ இன்னா ஆனான்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

"காரியம் கெட்டுடும், காசி. எம்மேல நம்பிக்க கீதா இல்லியா?"

அவள் மீன் கூடையைக் கீழே வைத்தாள். "சரி, நீ சொல்றேன்னு வாய மூடிகினு கீறேன்" என்றாள்.

மறுநாள் ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர்தான், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். அவர் கண்ணெதிரிலேயே முத்துசாமி ஒரு குடம் இறைத்தான். தோப்பில் வேலை செய்கிற ஆள் இங்கே எதற்கு வந்தான் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். எங்கே உறைத்தது? குடத்தோடு முன்னால் அவன் போக, பின்னால் ஆபீசரும் மெம்பர்களும் போக, கல்யாண ஊர்வலத்தில் போகிறவள் மாதிரி நானும் போனேன். பெண்கள் எல்லாரும் கடைக்கு எதிரே வெயிலில் வாய் திறக்காமல் நின்றோம்.

முத்துசாமி குடத்தைக் கடைக்குப் பின்பக்கம் கொண்டுபோனான். என் வீட்டுக்காரர் டீயை ஆற்றிக் கிளாசில் ஊற்றி நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். பால் திரியவில்லை. நுரை ததும்ப, நல்ல செம்மண் நிறத்தில், அவர் தினமும் போடுகிற அதே டீ.

ஆபீசர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "ரொம்ப நல்லா இருக்கே! இந்தத் தண்ணீரையா உப்புன்னு சொன்னாங்க?" என்றார்.

கியாசுதீன் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஐயா, அது கெணத்துத் தண்ணி இல்லீங்க!" என்று கத்திக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் போனேன். "தோப்புத் தண்ணி! மாத்திட்டாங்க!"

ஆபீசர் என்னைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "என்ன பாய், இது அந்தக் கிணற்றுத் தண்ணீர்தானே?"

மதார் சாகிப் டீ குவளையைக் கழுவிக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர் என்று ஊரில் பெயர். நானும் அப்படித்தான் நினைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் குவளையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஆமாங்க" என்றார்.

"எங்கக்காதான் சார்" என்றான் கியாசுதீன், சிரித்துக்கொண்டே. "வெயில்ல நின்னுகினு இருந்திச்சா, அதான்."

ஆபீசரும் சிரித்தார். ஜீப்பில் உட்கார்ந்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனி அது நல்ல தண்ணீர்க் கிணறு. கிணறு இருக்கிற ஊருக்கு எந்தச் சர்க்காரும் மறுபடி கிணறு வெட்டித் தராது.

ஜீப் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். காசியம்மாள் பாப்பாவின் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனாள்.

கடை அடைத்துவிட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். "இன்னாங்க பண்ணீங்க? யாரு வூட்டு வவுத்துல மண்ணப் போட்டீங்க, தெரியுமா?"

"கடை கீற எடம் பஞ்சாயத்து எடம்" என்றார். "பேசாம டீய ஊத்து மச்சான், இல்லன்னா கடையக் காலி பண்ணுன்னு சொல்ட்டான். நான் இன்னா பண்ண?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ வுட்டிருப்பியா?"

விட்டிருக்கமாட்டேன். அதனால்தான் என்னிடம் சொல்லவில்லை. புருஷனும் தம்பியும் கூடிப் பேசி என்னை முட்டாள் ஆக்கியிருக்கிறார்கள். ஊரிலே நான் ஒருத்திதான் அந்த டீக்காக மனசாரக் காத்திருந்தவள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கியாசுதீனும் வந்தான், கையில் அல்வாப் பொட்டலத்தோடு. "அக்கா, கோவப்படாத. வாசுதேவன் ஐயா அடுத்த வருசம் என்ன பிரசிடெண்டா ஆக்குறேன்னு சொல்லிகீறாரு. அவரு தோப்பு வழியா ஊருல கீற எல்லாரும் கொடத்தத் தூக்கிகினு போனா அவரு சம்மதிப்பாரா, நீயே சொல்லு."

"அப்ப உனக்கு ஓட்டுப் போட்டவங்க? நான் ஆணையிட்டுக் குடுத்த வார்த்த?"

"உனக்கு இன்னா கொறை? நீ இனிமே கால்வாயில எறங்கவே வேணாம். உன் வூட்டுக்கு நான் தண்ணி அனுப்பறேன்."

பொட்டலத்தைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். "வெளிய போடா. எனக்குத் தம்பி இல்ல" என்றேன். போய்விட்டான். கதவைச் சாத்திக்கொண்டு, வளர்த்த கையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

மறுநாள் வழக்கம்போல இருட்டோடு குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் முனைக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் சேர்கிற இடம் அது. யாரும் இல்லை. என்னைக் கூப்பிடாமலே புறப்பட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கால்வாயைத் தனியாகத் தாண்ட எனக்குத் துணிச்சல் இல்லை. காலிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

நன்றாக விடிந்த பிறகு முத்துசாமி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். இரண்டு பெரிய குடங்களை இறக்கி என் வாசலில் வைத்தான். "மெம்பர் குடுக்கச் சொன்னாரும்மா. தெனமும் வரும்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான்.

அதே நேரத்தில்தான் அவர்களும் திரும்பி வந்தார்கள். இடுப்பு வரைக்கும் புடவை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. முன்னால் காசியம்மாள், அவள் தலையில் ஒரு குடம், இடுப்பில் பாப்பாவுக்காக இன்னொரு குடம். என் வாசலைப் பார்த்ததும் நின்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "காசி, சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாது! இந்தத் தண்ணி எனக்கு வேணாம், பாரு!" என்று ஒரு குடத்தை எடுத்து அவள் கண்ணெதிரிலேயே கவிழ்த்தேன். மற்றதையும் கவிழ்த்தேன். இளநீர் போன்ற தண்ணீர் தெருமணலில் ஓடி, அவர்கள் காலடி வரைக்கும் போய் மண்ணுக்குள் இறங்கியது. இதற்குமேல் நான் என்ன செய்யமுடியும்? நம்பிவிடுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

காசியம்மாள் ஈரமணலைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக என்னைப் பேர் சொல்லியே கூப்பிட்டவள்.

"உங்களுக்கு ஊத்தறதுக்குக் கீது, மெம்பரக்கா" என்றாள். "ஊத்துங்க."

தலைக்குடம் தளும்பாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஈரத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் அப்படியே சுற்றிக்கொண்டு அவள் பின்னால் போனார்கள்.