உலகநாதன் ஓட்டிய ராணி லலிதா

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு மாதாப்பூர் அலுவலகத்தில் நாற்பத்தொரு பேருக்கு ஒரே மெயில் போயிற்று. 'உங்கள் பயணத்தில் ஒரு பகுதியாக இருந்ததில் பெருமைப்படுகிறோம்' என்று ஆரம்பித்து, அடையாள அட்டையை வாசல் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த மெயில் வராதவர்களில் பொறுக்கியெடுத்த இருபது பேர், கம்பெனித் தலைவர் உலகநாதனின் பண்ணை வீட்டுக்கு ரயில் பார்க்கக் கிளம்பினார்கள்.

வெங்கட்டும் அதில் ஒருவன். திருநெல்வேலிக்காரன். ஹைதராபாத் வந்து நாலு வருடத்தில் மேனேஜர் ஆகிவிட்டான். அடுத்த படிக்கு ஏற உலகநாதனின் கண்ணில் பட்டால் போதும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த நாற்பத்தொரு பேரில் மூன்று பேர் அவன் எழுதிக் கொடுத்தவர்கள். எழுதிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. நீராவி எஞ்சினைப் பற்றி வீடியோ பார்த்துப் படிக்க ஒரு வாரம் ஆயிற்று.

"அந்த ரயில அவரே கட்டினாராக்கும்?" என்று காரில் அவன் மனைவி அனுபமா கேட்டாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். எதையும் இரண்டாவது தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளாமல் விடமாட்டாள்.

"அவரே. தன் கையால. அங்க வந்து இந்த மாதிரி கேள்வியெல்லாம் கேக்காத."

சங்கர்பள்ளியைத் தாண்டி, மாந்தோப்புக்கு நடுவே ஒரு ஸ்டேஷனே நின்றது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'உலக நகர் சந்திப்பு' என்று மூன்று மொழியில் எழுதி, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் போட்டிருந்தார்கள். எந்தப் பாதையும் அங்கே வந்து சந்திக்கவில்லை. ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான தண்டவாளம் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது.

பிளாட்பாரத்தில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை எஞ்சின் ஒன்று புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நெற்றியில் பித்தளை எழுத்தில் 'ராணி லலிதா'. பக்கத்தில் நீலக் கோட்டும் தொப்பியும் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டையுமாக உலகநாதன். கோட்டில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை.

"ரெண்டு வருசமுங்க," என்று கோயமுத்தூர்ப் பேச்சில் ஆரம்பித்தார். "ஒவ்வொரு ஆணியும் இந்தக் கையில அடிச்சதுங்க." கையை உயர்த்திக் காட்டினார். சந்தனம் பூசியதுபோல் மெத்தென்றிருந்தது அந்தக் கை. வெங்கட் முதலில் தட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

எஞ்சினுக்குப் பெயர் கொடுத்த லலிதா, உலகநாதனின் மனைவி, பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தட்டைப் பிடித்திருந்தாள். "நீங்க ஏறலயா மேடம்?" என்று அனுபமா கேட்டாள்.

"நானா? அது வெடிச்சா பேப்பர்ல என் பேருதானுங்க வரும். அதுமேல வேற நான் உக்காரணுமாக்கும்?"

டிக்கெட் கொடுக்கிற நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய முகத்தைப் பார்த்ததும் வெங்கட் டிக்கெட் வரிசையை விட்டு வெளியே வந்தான். ஜெஸ்ஸி. அவன் எழுதிக் கொடுத்த மூன்று பெயரில் முதல் பெயர்.

"ஜெஸ்ஸி... நீ இங்க?"

"கைக்கு? ஏன், வரக் கூடாதா? ரெண்டு வாரம் முன்னாலயே இன்வைட் வந்துச்சு."

"இல்ல, வெள்ளிக்கிழமை வந்த மெயில்..."

"அதுல ஞாயித்துக்கிழமைய பத்தி ஒண்ணும் இல்லயே." ஜெஸ்ஸி லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசினாலும் நடுவில் உருது நுழையாமல் இருக்காது. "பயப்படாத. டாடியோட டூல் பாக்ஸ் ஷெட்லயே கெடக்கு. அத எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அவள் அப்பா ஜேம்ஸ், லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வே ஆள் யாரையாவது தெரியுமா என்று உலகநாதன் அலுவலகம் முழுக்க மெயில் போட்டபோது ஜெஸ்ஸிதான் அப்பாவைக் கூட்டிப் போய் விட்டாள். இரண்டு வருடம் தினமும் பஸ் ஏறி வந்து அவர் எஞ்சினைக் கட்டினார். போன மாதம் ஓட்டம் சரியாக இருக்கிறது என்றானதும் உலகநாதன் ஒரு சால்வை போட்டு, போட்டோ எடுத்து, தேவைப்பட்டால் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இவ்வளவும் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் தட்டினார்கள்.

உலகநாதன் ஜெஸ்ஸியைப் பார்த்துவிட்டார். "வாங்க வாங்க! கம்பெனிங்கறது ஒரே குடும்பமுங்க. நீங்க எந்த டீமு?"

"வெங்கட் டீம்ல இருந்தேன் சார்."

"வெரி குட். அங்கியே இருங்க," என்றார் உலகநாதன். "ஏறுங்க, ஏறுங்க."

ஜெஸ்ஸி ஹெல்மெட்டை ஸ்கூட்டரில் மாட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஏறி உட்கார்ந்தாள்.

டைரக்டர்களுக்கு மெத்தை வைத்த முதல் வகுப்பு, மற்றவர்களுக்குப் பலகை. குதிரைமேல் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். வெங்கட் முண்டியடித்து உலகநாதனின் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்தான். அவனுக்குப் பின்னால் ஜெஸ்ஸி, அவளுக்குப் பின்னால் அனுபமா. வண்டி நகர்ந்தது. ஒவ்வொரு மாமரத்துக்கும் உலகநாதன் ஒரு விசில் கொடுத்தார். ஒரு சுற்று முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது சுற்றில் ஜெஸ்ஸி வெங்கட்டின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"சார், கண்ணாடிக் குழாய்ல தண்ணி தெரியலயே."

"வெயிலுக்கு அப்பிடித்தானுங்க. தெரியாது."

"ஆமா சார், வெயில் பட்டுப் பளபளக்குது," என்றான் வெங்கட். வீடியோவில் அந்தக் குழாயைப் பற்றி இருபது நிமிடம் சொல்லியிருந்தார்கள். அதில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் போனால் கொதிகலன் வற்றுகிறது, வெடிக்கலாம் என்று அர்த்தம் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் உலகநாதன் தலையைத் திருப்பி அவனைப் பார்த்துச் சிரித்தாரே!

ஜெஸ்ஸி போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் ஜேம்ஸின் குரல் தோப்பெல்லாம் கேட்டது.

"வண்டிய நிறுத்தச் சொல்லு! ஜனத்த எறக்கு! அப்புறம் பேசலாம்."

வண்டி நின்றது. இறங்குகிற விஷயத்தில் மட்டும் வகுப்பு வித்தியாசம் இருக்கவில்லை. நிதி டைரக்டர் தண்டபாணி, ஆண்டுக் கூட்டங்களில் துணிச்சலான முடிவுகளைப் பற்றிப் பேசுகிறவர், ஐம்பதடி தள்ளி ஒரு மாமரத்துக்குப் பின்னால் இருந்தார்.

"டெண்டர் மூடியத் தொறந்து பாரு பாப்பா," என்றது போன்.

உலகநாதன் உட்கார்ந்திருந்த பெட்டிதான் டெண்டர். கொதிகலனுக்குத் தண்ணீர் அதிலிருந்துதான் போக வேண்டும். ஜெஸ்ஸி மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு காய்ந்த மாவிலையும் செத்த சிலந்தியும் இருந்தன.

"காஞ்சு கெடக்கு டாடி."

"யாரு சார் இன்னிக்கி ரொப்பினது?"

உலகநாதன் உண்மையிலேயே குழம்பிப்போனார். "ரொப்பறதா? அது எப்பவும் நெறஞ்சுதானுங்களே இருக்கும்?"

"நான் வெடிகாலைல வந்து ரொப்புவேன் சார்," என்றார் ஜேம்ஸ். "அதனால நெறஞ்சிருந்துச்சு."

இதற்குள் வெங்கட்டுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு முன்னால் ஓடினான். "சார், இத எங்க ஊத்தணும்? நான் ஊத்தறேன் சார்!"

"நக்கோ! வேணாம்!" என்று போன் அலறியது. "எரிஞ்சுக்கினு இருக்கிற பாய்லர்ல பச்சத் தண்ணி ஊத்துனா அவ்ளோதான். யாரும்மா அந்தாளு? தூரமா நிக்க வையி."

நெருப்பை அணைப்பதுதான் ஒரே வழி என்றார் ஜேம்ஸ். எஞ்சினுக்கு அடியில் ஒரு முளை இருக்கிறது, அதை நீளக் கொக்கியால் இழுத்தால் நெருப்பு மொத்தமும் கீழே கொட்டிவிடும். கொக்கி டூல் பாக்ஸில் இருக்கிறது. ஜெஸ்ஸி ஷெட்டுக்கு ஓடிப் போய் அதை எடுத்து வந்து உலகநாதனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, சுத்தமான கோட்டோடு மண்ணில் குப்புறப் படுத்தார். படுத்தபடியே தலையைத் தூக்கினார்.

"அந்த முளை எந்தப் பக்கமுங்க?"

"நீங்கதான சார் கட்டுனீங்க?" என்றாள் அனுபமா, வீட்டுப்பாடம் எழுதாத பையனைக் கேட்கிற குரலில். மாமரங்களுக்குப் பின்னாலிருந்து யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். யாரென்று திங்கட்கிழமை விசாரித்தும் தெரியவில்லை.

"எடது பக்கம் சார். கடைசிச் சக்கரத்துக்கு முன்னால," என்று ஜெஸ்ஸி குனிந்து காட்டினாள். "இன்னும் உள்ள. ஹவ், ஆமா, அதேதான். இழுங்க."

உலகநாதன் இழுத்தார். சிவந்த கரியெல்லாம் தண்டவாளத்துக்கு நடுவே சரசரவென்று கொட்டிற்று. எஞ்சின் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. ஆபத்து தீர்ந்தது என்று உறுதியானதும் வெங்கட் தலைவருக்குக் கை கொடுத்துத் தூக்க ஓடி வந்து, நேராகக் கரித்துண்டை மிதித்தான். புது வெள்ளை ஷூவின் அடிப்பாகம் உருகிப் புகைந்தது. லலிதா வந்து முறுக்குத் தட்டை ஜெஸ்ஸியிடம் நீட்டினாள், அவளிடம் மட்டும்.

உலகநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பயம் போன இடத்தில் தாராளம் வந்துவிட்டது. "உங்கள மாதிரி ஆளுங்கதானுங்க நம்ம கம்பெனிக்கு வேணும். வெங்கட், நாளைக்கே இவங்களுக்கு நல்லதா ஒரு பொறுப்புக் குடுங்க."

வெங்கட் உருகிய ஷூவைத் தரையில் தேய்த்தான். "சார்... இவங்க வெள்ளிக்கிழமை லிஸ்ட்ல..."

"லிஸ்டா? யாரு இவங்க பேரப் போட்டது?"

எல்லோரும் மரங்களைவிட்டு வெளியே வந்திருந்தார்கள். அனுபமாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது... சிஸ்டம் சார்," என்றான் வெங்கட். "ப்ராசஸ்ல வந்தது."

அனுபமா அவனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பட்டியலை அவன் சாப்பாட்டு மேஜையில் எழுதியபோது அவள்தான் தோசை சுட்டுக் கொண்டுவந்து வைத்தாள். ஏதோ ஆபீஸ் வேலை என்றுதான் சொல்லியிருந்தான்.

"சிஸ்டத்த நான் சரி பண்றேனுங்க," என்றார் உலகநாதன். "நாளைக்கு வந்துருங்க."

"நக்கோ சார்," என்றாள் ஜெஸ்ஸி. கோபமாகச் சொல்லவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "இந்த முடிவ ரொம்ப யோசிச்சு எடுத்தோம்னு நீங்களே கையெழுத்துப் போட்டு மெயில்ல எழுதியிருக்கீங்க. ரெண்டே நாள்ல மாத்துனா உங்க யோசனைக்கு என்ன மரியாதை இருக்கு?"

கொக்கியை ஷெட்டுக்குக் கொண்டுபோய் டூல் பாக்ஸில் போட்டு மூடினாள். ஒரு ஆள் தூக்குகிற கனமில்லை அது. அனுபமா போய் இன்னொரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டு பேருமாக அதை ஸ்கூட்டர் வரை கொண்டுபோனார்கள். அனுபமா பின்னால் ஏறி, பெட்டியை நடுவில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அனு, நீ எங்க போற?" என்று வெங்கட் கத்தினான்.

"பெட்டியப் பிடிக்க ஆள் வேணும்லா. நீங்க வண்டியத் தள்ளி வச்சுட்டு மெதுவா வாங்க."

தள்ளத்தான் வேண்டியிருந்தது. மேட்டில் நின்ற எஞ்சினைப் பின்னாலிருந்து எட்டுப் பேர் தள்ள, உலகநாதன் மறுபடியும் தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சமுங்க, இன்னும் கொஞ்சம்" என்று உற்சாகப்படுத்தினார். ஒவ்வொருவராகப் போன் வந்ததாகச் சொல்லிக் கழன்றார்கள். ஸ்டேஷன் வந்தபோது தள்ளிக்கொண்டிருந்தவன் வெங்கட் ஒருவன்தான்.

அதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. திங்கட்கிழமை உலகநாதன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, இனி வாராவாரம் ராணி லலிதாவின் முழுப் பொறுப்பும் அவனுடையது என்றார். ஜேம்ஸைக் கூப்பிட்டுப் பார்த்தாராம். ஜேம்ஸ் நேரமில்லை என்றுவிட்டாராம். வெங்கட் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னான். பதவி உயர்வு பட்டியல் வந்தபோது அதில் அவன் பெயர் இல்லை. ரயில்வேயில் அவ்வளவு பொறுப்பு இருக்கும்போது ஆபீஸ் சுமையையும் ஏற்றக் கூடாது என்று தலைவரே எடுத்துவிட்டதாகத் தண்டபாணி சொன்னார். ஜெஸ்ஸிக்கு இரண்டு மாதத்தில் பேகம்பேட்டில் வேலை கிடைத்ததை அனுபமா சொல்லித்தான் அவன் தெரிந்துகொண்டான்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவன் நீல உடுப்பை மாட்டிக்கொண்டு ஒரு வாளியோடு கிளம்புகிறான். "தலைவரே என்னைத்தான் நம்புதாரு தெரியுமா?" என்று வாசலில் நின்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறான்.

"சரி," என்கிறாள் அனுபமா, போர்வைக்குள்ளிருந்து. "கதவச் சாத்திட்டுப் போங்க. கொசு வருது."