அரண்மனை பார்க்கப் போன புதன்கிழமை

செவ்வாய்க்கிழமை காலையில் சுந்தரபாண்டி அருப்புக்கோட்டையில் டயாலிசிஸ் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். மதியத்துக்குள் நரிக்குடிக்குத் தெற்கே இருக்கிற அவருடைய ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவரிடம் ஆடு பிடிக்கும் வீரசோழன் சந்தை வியாபாரிகள்கூட மாலையோடு வந்து நின்றார்கள். தெரியாதவள் அவர் மனைவி கனகலட்சுமி ஒருத்திதான். மருமகள் யுவராணியின் பிரசவத்துக்காக அவள் பிரான்சுக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. திரும்புவதற்குச் சனிக்கிழமை டிக்கெட்.

சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னவன் ஊரில் இருந்த இளையவன் பாண்டீஸ்வரன். "சனிக்கிழம வரைக்கும் ஐஸ் பொட்டியில வைக்க முடியாதுண்ணே. அம்மாவுக்குப் பிரசரு வேற. அங்க வச்சு என்னமும் ஆயிருச்சுன்னா யாரு பாக்குறது? இங்க வந்து தெரிஞ்சுக்கிடட்டும்." மூத்தவன் ராஜகுருவுக்கு அதைக் கேட்க நிம்மதியாக இருந்தது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கருமாதிக்கு வருகிறேன், கொள்ளியை நீயே வைத்துவிடு என்றான். ஊரில் கேட்டவர்களிடம், அம்மாவுக்குச் சொல்லியாச்சு, டிக்கெட் கிடைக்கவில்லை என்று பாண்டீஸ்வரன் சொல்லி வைத்தான்.

ஒரே ஒரு இடைஞ்சல். வீட்டில் இருந்தால் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் துக்கம் கேட்க வந்துவிடும். புதன்கிழமை ராஜகுருவுக்கு வழக்கமான விடுமுறை நாள். அன்றைக்குத்தான் ஊரில் எடுக்கிறார்கள்.

"இத்தன நாளாப் பேரனுக்கு எண்ணெ தேச்சதுதான் மிச்சம். ஒரு அரமணையாவது பாத்துட்டுப் போங்கத்தே" என்று யுவராணி சிவப்புப் பட்டுச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். சார்ஜ் இல்லை என்று கனகலட்சுமியின் போனை ராஜகுரு வீட்டிலேயே வைத்துவிட்டான்.

செனான்சோ அரண்மனை ஆற்றின் குறுக்கே கட்டியது. வளைவு வளைவான தூண்களுக்கு அடியில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"இம்புட்டுத் தண்ணி ஓடுது, ஒரு வயலுக்குப் பாயலயேடா" என்றாள் கனகலட்சுமி. "அப்பாவுக்குப் போனப் போடு. இத அவுக பாக்கணும். நேத்தும் பேசல."

"தூங்குவாகம்மா."

"அங்க ரெண்டு மணி இருக்குமே. அவுக என்னைக்குப் பகல்ல தூங்குனாக?"

"டயாலிசிஸ் பண்ணுன அலுப்பு இருக்கும்ல."

மாடியில் ஏறியபோது கேட்டாள். ராணிமார் படுத்த கட்டிலைப் பார்த்ததும் கேட்டாள். அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பிறகு எத்தனை அறை வேண்டுமானாலும் சுற்றுகிறேன் என்றாள்.

மேல் மாடியில் ஓர் அறை மட்டும் கறுப்பாக இருந்தது. கறுப்புச் சுவரில் வெள்ளி நிறத்தில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர், முடிச்சுப் போட்ட கயிறு, நடுநடுவே மண்வெட்டி.

"அரமணைக்குள்ள மம்பட்டிய எதுக்கு எழுதி வச்சிருக்கான்?"

யுவராணி கையில் இருந்த தாளைப் படித்துவிட்டாள். ராஜாவைக் குத்திக் கொன்ற சேதி ராணிக்கு இந்த அரண்மனையில்தான் வந்தது. அதன் பிறகு அவள் வெள்ளைதான் உடுத்தினாள், இந்தக் கறுப்பு அறையில் கிடந்தாள். மண்வெட்டி குழி வெட்டுகிறவர்களுடையது.

"தோட்ட வேலைக்காரவுகளுக்கு மரியாதையாம் அத்தே."

"பரவாயில்லையே. நம்ம பக்கம் வெள்ளாம பாக்குற சம்சாரிக்கு எவன் மரியாத குடுக்கான்?" என்று கனகலட்சுமி சந்தோஷமாகச் சுவரை இன்னொரு தடவை பார்த்தாள். யுவராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டாள்.

கீழே தோட்டம். செடிகளை உருண்டையாகவும் கூம்பாகவும் வெட்டி விட்டிருந்தார்கள். ஓர் இலைகூட வரிசை தப்பவில்லை. பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் முன்னால், பாத்ரூம் போய் வருகிறேன் என்று ராஜகுரு போனான். பிள்ளை பாலுக்கு அழுதது. பால் பாட்டில் அவன் பையில். கனகலட்சுமி அவனைத் தேடிப் போனாள்.

வரிசையாக நின்ற பெருமரங்களில் ஒன்றின் பின்னால் அவன் முதுகு தெரிந்தது. அவனிடமிருந்து கொட்டுச் சத்தம் வந்தது. சாவுக்கொட்டு. யாரு போய்ட்டா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் நாத்தனார் ராக்கம்மாளின் குரல் போனுக்குள்ளிருந்து அண்ணே அண்ணே என்று அலறியது. ராக்கம்மாளுக்கு அண்ணன் ஒருவர்தான்.

"மொகம் பாக்குறவுக எல்லாரும் பாத்துக்கோங்கப்பா. தூக்கப் போறோம்" என்று யாரோ சொன்னார்கள். கனகலட்சுமி பாய்ந்து போய்ப் போனைப் பார்த்தாள். ஆட்களின் முதுகும் ஒரு மாலையின் ஓரமும் தெரிந்தன.

"கிட்டக் காட்டச் சொல்லுடா."

ராஜகுரு திடுக்கிட்டுத் திரும்பினான். இரண்டு நாளாக மறைத்துப் பழகிய கை. அது தன்னால் அழைப்பைத் துண்டித்துவிட்டது.

உடனே திரும்பப் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஊரில் போனைப் பிடித்திருந்தவன் சித்தப்பா மகன் ராமசுப்பு. அவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுத்திருந்தான். சுடுகாட்டுக்கு முக்கால் மைல். வழி முழுக்க அவன் பைக்குள் மணி அடித்திருக்கும், கொட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"ஒங்க நல்லதுக்குத்தாம்மா" என்று ராஜகுரு அழுதான்.

"எடுக்குறானா பாரு" என்றாள் அவள். ராமசுப்பு எடுத்தபோது சிதை எரியத் தொடங்கியிருந்தது.

டிக்கெட்டை மாற்றவில்லை. எடுத்தாகிவிட்டது, இனி அவசரப்பட்டு என்ன என்றான் ராஜகுரு. சனிக்கிழமை தனியாக ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மதுரையிலிருந்து கார் வந்து வீட்டு முன்னால் நின்றது. அந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்கு யார் வந்தாலும் உள்ளே இருக்கிற பெண்கள் எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். பகையாளிக்கும் அது உண்டு. கனகலட்சுமி வாசல்படியில் கையை விரித்து நின்றாள். ஒருத்தியும் எழவில்லை.

"வாங்க மதினி. அரமண நல்லாருந்துச்சா?" என்றாள் ராக்கம்மாள்.

போனை நீட்டினாள். தினமும் போடுகிற பழக்கத்தில் யுவராணி புதன்கிழமை காலையில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். அது மறையும் முன்னே ராக்கம்மாள் அதைப் படமாக எடுத்து வைத்திருந்தாள். சிவப்புப் பட்டில், பூப்பாத்திக்குப் பக்கத்தில், பல் தெரியச் சிரிக்கிற கனகலட்சுமி.

"எங்கண்ணே பொட்டிக்குள்ள கெடக்காக, ஊரே இதப் பாக்குது. வர மனசில்லன்னா சொல்லியிருக்கலாம். சிரிக்கவா செய்யணும்?"

கனகலட்சுமி பாண்டீஸ்வரனைப் பார்த்தாள். மொட்டைத் தலையோடு அவன் வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும். அவன் செம்புக்குள் பார்த்தான். அவளே சொன்னாலும் போதும்தான். ராக்கம்மாள் எழுந்து கட்டிக்கொள்வாள், அப்புறம் இரண்டு பிள்ளைகளும் இந்த ஊரில் தலை காட்ட முடியாது.

"நல்லாருந்துச்சு" என்றாள்.

உள்ளே போய் அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தானாகவே ஒப்பாரி எடுத்தாள். ஒருத்தி முதல் அடி சொன்னால் இன்னொருத்தி வாங்கிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். மறுபடி அதே அடியைச் சொன்னாள். மூன்றாவது தடவை பாதியிலேயே குரல் நின்றுவிட்டது.

"பிளேன்ல வந்த அலுப்பு" என்றாள் ராக்கம்மாள். "ஒரு டீயப் போட்டுக் குடுங்கடி."