சவுனாவுக்குள் வந்த கார்க் கூரை

வியாழக்கிழமை மாலை ஆறு மணி. நுர்மெஸ் நகரத்து அடுக்குமாடி ஒன்றின் அடித்தளத்தில் இருந்த பொதுச் சவுனாவுக்குள், சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி நீராவியில் குளிக்கும் அறைக்குள், தைமி நுழைந்தாள். கையில் துண்டு இல்லை, சோப்பு இல்லை. ஒரு காரின் கூரை இருந்தது.

கூரை என்றால் தகரம் அல்ல. தகரத்துக்கு உள்பக்கம், தலைக்கு மேலே துணி ஒட்டி வருமே, அந்த அட்டை. அவளைவிட உயரம். மூன்றாவது மாடியில் இருக்கும் அவள் வீட்டுக்கு லிஃப்டில் ஏற்ற முடியாது, மடித்தால் முறியும். முற்றத்துக் கதவு வழியாக நேரே வரக்கூடிய சூடான இடம் இந்தக் கட்டடத்தில் சவுனா ஒன்றுதான்.

நாளை மதியம் இரண்டு மணிக்குக் காருக்கு மறுபரிசோதனை. கெடுவின் கடைசி நாள். தேறாவிட்டால் கார் சாலையில் இறங்கக் கூடாது. கார் இல்லாவிட்டால் திங்கட்கிழமை வேலை இல்லை. ஏரிக்கரைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் நர்ஸ் வேலை அது. 'சொந்தக் கார் கட்டாயம்' என்று நியமனத் தாளில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். ஐம்பத்தாறு வயதில் இன்னொரு நியமனத் தாள் வரும் என்று நம்ப தைமி அப்பாவி அல்ல.

விவாகரத்தில் கணவன் உர்ப்போவுக்கு வீடு, படகு, ஹீட்டர் வைத்த கராஜ். அவளுக்கு முப்பது வயதுக் கார். முதல் பரிசோதனையன்று கூரைத் துணி மொத்தமாகத் தொங்கி, பின்பக்கக் கண்ணாடியை மூடிக்கொண்டது. திரும்பி வந்து, திறந்தவெளி ஷெட்டில், மைனஸ் எட்டு டிகிரியில் ஒட்டிப் பார்த்தாள். மறுநாளே துணி கழன்று மடியில் விழுந்தது. துணிக்கு அடியில் இருந்த பழைய ஸ்பாஞ்சுத் தூளை முழுசாகச் சுரண்டாதது ஒரு தப்பு. குளிரில் பசை பிடிக்கும் என்று நினைத்தது அதைவிடப் பெரிய தப்பு.

போன் அடித்தது. உர்ப்போ.

"என்ன தைமி, இன்னும் அந்தக் கந்தலைக் கட்டிக்கிட்டு அழறியா? நாளைக்கு ரெண்டு மணிக்கு அங்க நிப்பேன். ஃபெயில் ஆனதும் எனக்கே தள்ளிவிட்டுடு. கதவும் பம்பரும் எனக்குத் தேவைப்படுது."

"வா, வந்து நல்லா பாரு. வேடிக்கை பார்க்க டிக்கெட் கிடையாது."

போனை அணைத்தாள். அடுத்ததாக சவுனா அடுப்பையும் அணைத்தாள். பசை ஸ்ப்ரே டப்பாவில் நெருப்புப் படம் கொட்டை எழுத்தோடு இருந்தது. அவளுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வேறு வீட்டுக்காரர்கள் குளித்துவிட்டுப் போன சூடு கற்களில் போதுமான அளவு இருந்தது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்தாள். அட்டையைச் சவுனாவை ஒட்டிய குளியலறைத் தரையில் கிடத்தி, பிரஷை எடுத்தாள்.

ஸ்பாஞ்சுத் தூள் பிசுபிசுவென்று ஆரஞ்சு நிறத்தில் உதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசித் துகள் வரை சுரண்டி முடிக்க ஐம்பது நிமிடம். புதுத் துணியைப் பாதியாக மடித்து, அட்டையிலும் துணியிலும் பசை அடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள். ஒரு சுருக்கம் இல்லை. முதல் பாதி முடிந்தது.

கதவு திறந்தது.

ஏழு மணிக்காரர். தரைத்தளத்துக் கலெர்வோ. கட்டடச் சங்கத் தலைவர். குளியல் அங்கி, தோளில் துண்டு, முகத்தில் அதிர்ச்சி. வாரத்துக்கு ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்ற அட்டவணையை எழுதிக் கதவில் ஒட்டியவரே அவர்தான்.

"ஏம்மா, இது சவுனாவா, மெக்கானிக் கடையா?"

"இன்னைக்கு ரெண்டும்தான்."

"விதியெல்லாம் படிச்சிருக்கியா நீ?"

"படிச்சேன் பெரியவரே. நாய் கூடாது, மீனுக்குப் புகை போடக் கூடாது, கம்பளம் துவைக்கக் கூடாது. கார்க் கூரைன்னு எங்கயும் போடல."

"எவனாவது கொண்டு வருவான்னு கனவா கண்டேன்?"

"என் நேரம் முடிஞ்சுது, தெரியும். ஆனா நான் போகமாட்டேன். போலீசைக் கூப்பிடறதா இருந்தா கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள காஞ்சிடும்."

கலெர்வோ அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"யாரு உன்னைத் துரத்தறது?"

"நாளைக்குப் பரிசோதனை. அதுக்குப் பின்னால உர்ப்போ."

"எந்த உர்ப்போ? மீன்பிடிப் போட்டியில எடை கூட்ட மீன் வாய்க்குள்ள ஈயக் குண்டு வச்சானே, அவனா?"

"அவனேதான்."

கிழவர் அங்கியின் கைகளை மடித்துவிட்டார். "எங்க பிடிக்கணும், சொல்லு."

அவர் துணியைத் தூக்கிப் பிடிக்க, அவள் இரண்டாம் பாதிக்குப் பசை அடித்தாள். பசை கொஞ்சம் இறுகும்வரை ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கலெர்வோ, இருக்கிற சூடு வீணாகக் கூடாதென்று, சவுனா வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் தண்ணீர் வாளி, அதில் மரக்கரண்டி, எதிரே சூடான கல்.

ஷ்ஷ்ஷ்ஷ்!

"பெரியவரே!"

வெண்புகையாக நீராவி வாசலைத் தாண்டி உருண்டு வந்தது. கலெர்வோ தன் கையில் இருந்த காலிக் கரண்டியை யாரோ திணித்துவிட்டுப் போனதுபோலப் பார்த்தார்.

"தானா போயிடுச்சும்மா... எழுபது வருஷமா கல்லைப் பார்த்தா தண்ணி ஊத்தற கை."

"அந்தக் கை மேல உட்காருங்க!"

பின்மூலையில் பசை பால்போல வெளுத்துவிட்டது. தைமி ஜன்னலை அகலத் திறந்தாள். அவர் துண்டையே பிடுங்கி ஈரத்தை ஒற்றினாள். வெளுத்ததை எல்லாம் சுரண்டி எறிந்தாள். அறை மறுபடி காய அரை மணி நேரம் ஆனது. பிறகு டப்பாவை ஆட்டினாள். அடியில் கொஞ்சம் இருந்தது. அடித்தாள். உள்ளங்கை அளவு இடம் மீதி இருக்கும்போது டப்பா காற்றை மட்டும் துப்பியது.

போகட்டும். துணியை இறக்கித் தடவினாள்.

எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. "சவுனா ரிப்பேர்!" என்று கத்தினார் கலெர்வோ.

"எதுக்குப் பொய்?" தைமியே கதவைத் திறந்தாள். வெளியே வாளியோடு நின்ற தம்பதியிடம் நேராகச் சொன்னாள். "கார்க் கூரை ஒட்டியிருக்கேன். காலை வரைக்கும் இதை யாரும் அசைக்கக் கூடாது. அடுத்த வாரம் என் நேரம் உங்களுக்கு. கோபம்னா தலைவர்கிட்ட மனு கொடுங்க."

"மனு நிராகரிக்கப்பட்டது," என்றார் உள்ளே இருந்து தலைவர்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. பரிசோதனை நிலையம். அட்டையைக் காலையிலேயே தைமி காரில் மாட்டியிருந்தாள். உர்ப்போ தன் வேனில் சாய்ந்து, வாயில் பல்குச்சியோடு நின்றிருந்தான். பரிசோதிக்கும் பெண் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். கூரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தாள். பின்மூலையில் கை நின்றது.

"இங்க ஒரு குமிழ் இருக்கு."

தைமி ஜன்னலில் குனிந்தாள். "பார்வையை மறைக்குதா?"

"இல்ல."

"அப்ப அதை எழுதுங்க."

"ஒரு வாரம் தாங்காது அது!" உர்ப்போ ஜன்னலுக்கே வந்துவிட்டான். "நான் பார்த்த கார். எனக்குத் தெரியும்."

பரிசோதிக்கும் பெண் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னைக்கு விழல. நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன்." தாளில் எழுதினாள், கிழித்தாள், நீட்டினாள். தேர்ச்சி.

அவள் இறங்க, தைமி ஏறினாள். உர்ப்போ திறந்த ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, விரலால் துணியைக் கிள்ளப் போனான்.

"எவ்வளவு நாளைக்கு இப்படி ஒட்டி ஒட்டி ஓட்டுவே?"

"விழ விழ ஒட்டுவேன். கையை எடு, கண்ணாடி ஏறுது."

ஏறத்தான் ஏறியது. உர்ப்போ கையை இழுத்துக்கொண்டு, பல்குச்சியைத் துப்பிவிட்டு ஏதோ கத்தினான். கண்ணாடி மூடிவிட்டதால் அது அவளுக்குக் கேட்கவில்லை.

நிலையத்தின் வாசலில் இடப்பக்கம் திரும்பினால் வீடு. தைமி வலப்பக்கம் திருப்பினாள். திங்கட்கிழமை பார்க்க வேண்டிய முதல் நோயாளியின் வீடு ஏரிக்கு அந்தக் கரையில், நாற்பது கிலோமீட்டர். வழியில் பனி எப்படி இருக்கிறது என்று இன்றே பார்த்துவிட வேண்டும்.