பாலைவனத்துக்கு வாசித்த பனி

எங்கள் வானொலியில் வசந்தகால வானிலையை மூன்று துண்டாக வாசிப்போம். முதலில் கடற்கரை, பிறகு பாலைவனம், கடைசியில் மலை. கடல் மூட்டம் எப்போது விலகும் என்று தெரிந்ததும் வாஸ்கோ துறைமுகத்து மீனவர்கள் வானொலியை அணைத்துவிடுவார்கள். பாலைவனத்துப் பூக்கள் இன்னும் தாங்குமா என்று தெரிந்ததும், பூப் பார்க்க வருகிறவர்களை நம்பியிருக்கும் விடுதிக்காரர்கள் அணைத்துவிடுவார்கள். மலைத் துண்டை நான் கிட்டத்தட்டச் சுவருக்குத்தான் வாசிக்கிறேன்.

அதைக் கட்டாயம் கேட்க வேண்டியவன் ஒருத்தன் உண்டு. என் தம்பி ரொசாமெல். குளிர்காலம் முழுக்கப் பாலைவனத்தில் ஆட்டுப்பட்டி போட்டிருப்பான். அங்கே புல்லும் பூவும் காய்ந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு கணவாய் வழியாக மலை ஏறுவான். காற்று பலமாக அடித்தால் பட்டிக்கு மறைப்புக் கட்ட வேண்டும் என்பதால் பாலைவனத் துண்டை மட்டும் காது கொடுத்துக் கேட்பான். "மலைப் பகுதியில்" என்று நான் வாயைத் திறந்ததும் டப்பென்று அணைத்துவிடுவான். கேட்டால் பேட்டரி மிச்சம் என்பான்.

பேட்டரியாவது மண்ணாங்கட்டியாவது! அப்பா போன பிறகு எனக்கு ஆடு வேண்டாம் என்று சொல்லி நான் வய்யேனார் ஊருக்கு வானொலி வேலைக்கு வந்துவிட்டேன். மலையை விட்டு ஓடிப்போனவள் மலையைப் பற்றி அவனுக்குச் சொல்வதா? அந்த வீம்புதான். நேரடியாகச் சொன்னாலும் ஏறாது. போன வருஷம் வானொலியிலேயே பெயரைச் சொல்லி, "இந்த வாரம் ஏறாதே" என்றேன். மறுநாளே ஏறினான். அந்தத் தடவை மேகம் கலைந்துபோய் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அவன் திமிர் இரட்டிப்பானது.

எங்கள் பக்கம் அக்டோபர்தான் வசந்தம். இந்த அக்டோபர் கடைசியில், பட்டிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் நிவால்தோ எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"உன் தம்பி நாளைக்குக் காலைல ஏறுறான், எதுல்யா. பூவெல்லாம் கருகிப்போச்சு. ஆடுங்க வயிறு ஒட்டிக் கிடக்குது."

"நாளைக்கா? மலையில பனி கொட்டப்போகுது அண்ணே. திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நானா? 'எங்க அக்கா சொல்லி அனுப்பினாளா'ன்னு கேப்பான். இல்லன்னு பொய் சொன்னாலும் என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும். அப்புறம் இன்னைக்கே கிளம்பிடுவான், பரவாயில்லையா?"

அவர் போய்விட்டார். அந்தக் கணவாயை எனக்குத் தெரியும். ஒதுங்க ஒரு பாறை இடுக்குகூடக் கிடையாது. எல்லாம் குட்டி போட்ட ஆடுகள், கூடவே அந்த முட்டாள் ஒற்றை ஆளாக.

சாயங்காலம் கடற்கரையை வாசித்து முடித்தேன். பாலைவனத் துண்டில், தெளிந்த வானம், மிதமான வெயில் என்று எழுதியிருந்தது. தம்பி காதில் விழுவது இந்தத் துண்டு மட்டும்தான். நான் நிதானமாக வாசித்தேன்: "பாலைவனப் பகுதியில் நாளை பகலில் கடும் பனிப்பொழிவு. மந்தைகளைப் பட்டியிலேயே வைத்திருக்கவும்." பிறகு மலைத் துண்டை எழுதியிருந்தபடியே வாசித்தேன். அங்கேயும் அதே பனிதான், கணவாயில் இடுப்பளவு.

அறையை விட்டு வெளியே வருவதற்குள் தொலைபேசி அலற ஆரம்பித்துவிட்டது. பூப் பார்க்க வந்தவர்கள் மூட்டை கட்டுகிறார்கள் என்று ஒரு விடுதிக்காரி கத்தினாள். நிலையத் தலைவர் தோன் எவரிஸ்தோ என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, தூங்கிட்டே வாசிச்சியா? தப்பா வாசிச்சிட்டேன்னு நாளைக்கே மன்னிப்புக் கேட்டுடு."

"நான் தப்பா வாசிக்கல சார்."

"அப்போ பாலைவனத்துல பனி பெய்யுமா?"

"பெய்யாது."

"அப்புறம் என்னம்மா?"

இத்தனை வருஷத்தில் ஒரு சொல்கூடத் தவறாக வாசிக்காதவள் நான். வேண்டுமென்றே செய்தேன் என்று சொன்னால் வேலை போய்விடும். தப்பு என்று சொல்ல மனசு வரவில்லை. மன்னிப்புக் கேட்கும்வரை ஒலிவாங்கி பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பாலைவனத்தில் பளீரென்று வெயில் அடித்தது. ரொட்டிக் கடைக்காரர் ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, "கையுறை வேணுமாம்மா, பனி காலமாச்சே" என்றார். கடையே சிரித்தது. மலையிலோ கணவாய் மூடிவிட்டது. ரொசாமெல் ஏறினானா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. நிவால்தோவின் லாரியும் பழுதாகிக் கிடந்தது. அந்த நாட்களில் எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. கையில் ஆட்டுப்பாலாடைக் கட்டியோடு ரொசாமெல் நின்றான்.

"என்னக்கா, பனியில நனையாம இருக்கியா?"

அவனை ஓங்கி அறையலாமா கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. உட்கார் என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பாலைவனத்துல பனின்னு சொன்ன பாரு, குடிச்ச மாத்தே டீ மூக்குல ஏறிடுச்சு! அந்தச் சிரிப்புல வானொலிய அணைக்கவே மறந்துட்டேன். அடுத்து நீ என்ன உளறுவேன்னு கேட்டுட்டே இருந்தேன். மலையிலயும் பனின்னுட்ட. சரி, இதுவும் உளறல்தான்னு ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம்னு விடியக்காலைல மலையப் பார்க்க வெளிய வந்தேன். முகட்டுல மேகம் அழுக்குக் கம்பளி மாதிரி தொங்குது. பட்டிய அவுக்கல." அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "மத்தியானம் கணவாயே கண்ணுக்குத் தெரியலக்கா. ஏறியிருந்தா நானும் இல்ல, ஆடும் இல்ல. நல்ல வேளை, நீ தப்பா வாசிச்ச."

வேண்டுமென்றேதான்டா வாசித்தேன், மரமண்டை, என்று தொண்டைவரை வந்தது. சொன்னால் அத்தோடு போச்சு. அக்கா ஏமாற்றிவிட்டாள் என்று தெரிந்தால் இந்த ஜென்மத்தில் என் குரலைக் கேட்க மாட்டான்.

"ஆமாண்டா, தப்பா வாசிச்சிட்டேன்."

"அதான் ஊருக்கே தெரியுமே" என்றான். பாலாடைக் கட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலமே வானொலியில் மன்னிப்புக் கேட்டேன். பாலைவனத்தில் பனி என்று வாசித்தது என் பிழை, நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தோன் எவரிஸ்தோ திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

லாரி சரியானதும் நிவால்தோ வந்தார்.

"உன் தம்பி பேட்டரி வாங்கிட்டு வரச் சொன்னான். முன்னாடியெல்லாம் ஒரு ஜோடி வசந்தம் முழுக்க வரும். இப்போ தினமும் கடைசி வரைக்கும் போட்டுவெச்சுக் கேக்குறான். நீ மறுபடி எப்போ உளறுவேன்னு காத்துக் கிடக்கான்."

இருங்க அண்ணே என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். இருப்பதிலேயே நீண்ட நாள் உழைக்கும் பேட்டரியாக ஒரு பெட்டி வாங்கி வந்து அவர் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.

"யார் வாங்கினதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன்.