ஓரத்தில் எடுத்த அளவு

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, மலைச்சாலையின் நான்காம் வளைவில் ஒரு பால் வேன் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார்.

பதினோராம் தேதி மாலை, கீழே கடைக்குப் போய்க்கொண்டிருந்த தையல் ஆசிரியை அதே வளைவில் பிரேக்கை மிதித்தாள். பெடல் காலடியில் படபடவென்று அடித்தது. ஸ்டீயரிங் இரண்டு கைகளையும் உதறியது. உடைந்த சுவருக்குக் குறுக்கே கட்டியிருந்த சிவப்பு நாடா முன் கண்ணாடியை நெருங்கி வந்து, பிறகு விலகியது. கார் நின்றுவிட்டது. வாங்கப் போன நூலை மறந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறி நேராகக் கொழுந்தனின் பட்டறைக்கு வந்தாள். பட்டறை அவளும் கணவரும் இருந்த வீட்டை ஒட்டியே இருந்தது.

கொழுந்தனைத் தெருவில் எல்லோரும் 'அரைநிமிஷம்' என்பார்கள். எந்த வேலையைச் சொன்னாலும் அவன் வாயில் முதலில் வருவது அதுதான்.

"பிரேக்தானே அண்ணி? அரை நிமிஷம். நீங்க மிதிச்ச மிதியில டிஸ்க்கே பயந்து நடுங்குது போல."

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில உங்க அண்ணனைக் கூட்டிட்டு இதே வண்டியிலதான் இறங்கணும் தம்பி."

கணவர் பட்டறை வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏணியிலிருந்து விழுந்து உடைந்த கால், இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தது. உள்ளே வைத்த ஆணிகளை எடுக்க மறுநாள் கீழே மருத்துவமனையில் தேதி கொடுத்திருந்தார்கள். கால் மடங்காததால் பேருந்தில் போக முடியாது. ஊரிலிருந்த இரண்டு வாடகைக் கார்களும் வேறு சவாரிக்கு ஒப்புக்கொண்டிருந்தன.

அரைநிமிஷம் முன் சக்கரங்களைக் கழற்றினான். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கின் முகத்தில், பிரேக் பேட் உரசி உரசி வட்டவட்டமாக வரி விழுந்து மேடுபள்ளமாகியிருந்தது.

"ரெண்டு வழிதான் அண்ணி. லேத்துல சீவி சமமாக்கலாம். இல்லைன்னா புதுசு போடணும். புதுசு வெள்ளிக்கிழமைதான் வரும்."

"வெள்ளிக்கிழமையா? அதுவரைக்கும் நான் இந்த ஆணியில என்ன சட்டையா மாட்டுறது?" என்றார் கணவர். "சீவுடா."

டிஸ்க்கின் நடுவட்டத்தில் சிறிய எழுத்தில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருந்தது: இருபது மில்லிமீட்டர். அதற்குக் கீழே மெலிந்த டிஸ்க் நீண்ட இறக்கத்தில் சூடு தாங்காமல் பிளந்துபோகலாம். அரைநிமிஷம் கையிலிருந்த வெர்னியர் அளவுகோலை டிஸ்க்கின் ஓரத்தில் கவ்வவைத்துப் பார்த்தான். "இருபத்தொண்ணரை. தாராளம். சீவினாலும் மிச்சமிருக்கும்."

முதல் டிஸ்க்கை லேத் இயந்திரத்தில் ஏற்றிச் சுழலவிட்டான். இரும்புத்தூள் சாம்பல் நிறத்தில் உதிர்ந்தது. சூடான இரும்பின் வாடை வந்தது. முடிந்தபோது டிஸ்க் பளபளத்தது. "இதுல முகம் பார்த்து பொட்டே வச்சுக்கலாம்" என்று அவளிடம் காட்டினான். அவள் பார்த்தது பின்னால் மேசையில் கிடந்த இரண்டாவது டிஸ்க்கை.

வீட்டுக்குள் போனால் பயம் அதிகமாகும் என்றுதான் அவள் அங்கேயே நின்றாள். சும்மா நிற்க முடியாமல், சீவாத அந்த டிஸ்க்கின் மேல் விரலை ஓட்டினாள். நடுவிலிருந்து வெளியே போன விரல் ஓரத்தில் தடுக்கியது. நகம் ஏறி இறங்கும் அளவுக்கு ஒரு மேடு. திருப்பிப் போட்டாள். மறுபக்கமும் அப்படியே. வகுப்பில் புதிதாகச் சேரும் பெண்கள் துணியின் கனத்தை மடித்துத் தைத்த ஓரத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அவள் அவர்கள் கையைத் தட்டிவிட்டு, 'நடுவில் பிடி' என்பாள்.

"தம்பி, எந்த இடத்துல வச்சு அளந்தீங்க?"

"ஓரத்துலதான் அண்ணி. ஏன்?"

"ஓரம் மேடா இருக்கே. இங்க பிரேக் பேட் உரசுறதே இல்லையா?"

அவன் கை அப்படியே நின்றது.

அவன் இழுப்பறையைத் திறந்து, மேட்டைத் தாண்டி உள்ளே எட்டும் கூர்முனை மைக்ரோமீட்டரை எடுத்தான். சீவாத டிஸ்க், பேட் உரசும் இடத்தில், இருபதுக்கு ஒரு மயிரிழை மேலே இருந்தது. சீவிய டிஸ்க்கை அளந்தான். பத்தொன்பதரைக்கும் கீழே.

"வெர்னியர் ரெண்டு பக்கமும் அந்த மேட்டு மேலேயே உக்காந்திருச்சு அண்ணி" என்றான் மெதுவாக. "அவசரத்துல பார்க்கலை."

"அரை மில்லிதானடா?" கணவர் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். "நூல் கனம். ஒரே ஒரு தடவை போய்ட்டு வரப்போறோம். இந்தத் தேதிக்கு ரெண்டு மாசமா காத்துக்கிடக்கேன். மாட்டுடா."

அரைநிமிஷம் அண்ணனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். "மெதுவா போனா... அநேகமா ஒண்ணும் ஆகாது."

"அநேகமாவா?"

"இவ ஒரு பயந்தாங்கொள்ளி" என்றார் கணவர். "கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறுறவ. இவகிட்ட என்னடா கேட்டுக்கிட்டு?"

"ஆமா, பயந்தாங்கொள்ளிதான். வண்டிச் சாவி பயந்தாங்கொள்ளிகிட்டதான் இருக்கு." அவள் கொழுந்தனிடம் திரும்பினாள். "உண்மையைச் சொல்லுங்க தம்பி. இதை மாட்டி, உங்க பிள்ளையைப் பின்னாடி உக்காரவச்சு, அந்த வளைவுல நீங்க இறங்குவீங்களா?"

அவன் சீவிய டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தான். அதில் அவன் முகம் கலங்கலாகத் தெரிந்தது.

"மாட்டேன் அண்ணி."

அவள் கைப்பேசியை எடுத்து மருத்துவமனைக்குக் கூப்பிட்டாள். கணவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அவர்கள் போகவில்லை. மருத்துவமனை மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்தது. புது டிஸ்க்குகள் வெள்ளிக்கிழமை வந்தன. பழையவை இரண்டும் பழைய இரும்புக்குப் போயின. கணவர் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஏப்ரல் இரண்டாம் தேதி அவருடைய காலிலிருந்து ஆணிகளை எடுத்தார்கள். போகும்போதும் வரும்போதும் அவள் நான்காம் வளைவை இரண்டாவது கியரில் கடந்தாள்.