நெஞ்சு பூரா கோழை

என் வீட்டுக்காரரை என்ன சொல்லி வேண்டுமானாலும் திட்டலாம். நானே திட்டியிருக்கிறேன். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிற மனுஷன். காய் வாங்கி வரச் சொன்னால் முற்றலாகப் பொறுக்கி எடுத்து வருவார். அவர் குறட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். ஆனால் பயந்தவர் என்று மட்டும் எவனும் சொல்ல முடியாது. அதையும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, என் காதுபடச் சொன்னார்கள். சொன்ன வாய் அழுகித்தான் போகும்.

நாங்கள் பிழைக்க வந்த இந்த வெளியூரில் அவருக்குச் சாயத்தூள் தொழிற்சாலையில் தொட்டி கழுவுகிற வேலை. கழுவுவது என்று பேர்தான், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தூள் கலக்குகிற இரும்புத் தொட்டி இரண்டு ஆள் உயரம் இருக்கும். உச்சியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு வாய். அதன் வழியாக ஏணியில் இறங்கி, சுவரில் அப்பியிருக்கிற தூளைத் தகட்டால் சுரண்டி, சாக்கில் அள்ளி மேலே அனுப்ப வேண்டும். முகத்தில் மாஸ்க், உடம்பு முழுக்க வெள்ளை உறை, இடுப்பில் கயிறு. அந்த வெக்கையில் பாதி நாள் நின்று வேலை பார்ப்பார். அப்படிப்பட்டவரைத்தான் சொன்னார்கள்.

நான் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ரத்தம், மருந்து, எண்ணெய் எல்லாம் என் கையில் வெளுக்கும். என் வீட்டுக்காரரின் கைக்குட்டையில் இருந்த நீலம் மட்டும் போகவேயில்லை. கையைத் துடைத்திருப்பார் என்று நினைத்து, சோப்பை எவன் சம்பாதிக்கிறான் என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். பிறகு ஒரு காலையில் அவர் முகம் கழுவுகிற இடத்தில் குனிந்து நின்று காறிக் காறித் துப்பியதைப் பார்த்தேன். கட்டி கட்டியாக விழுந்தது. அத்தனையும் நீலம்.

"என்னங்க இது? இங்க் குடிச்ச மாதிரி!"

"ஒண்ணுமில்ல, கோழைதான். நெஞ்சுல கட்டியிருக்கு. வெந்நீர் குடிச்சா கரைஞ்சிடும்."

"கிழிக்கும்! போய்ச் சொல்லி வேற வேலை கேளுங்க. சரியாகுற வரைக்கும் தொட்டிப் பக்கமே போகக் கூடாது. வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?"

வாயில் பூட்டில்லை, பாஷைதான் இல்லை. மேற்பார்வையாளருக்கு நம் பேச்சு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் விசில் அடித்தே கூப்பிடுவார் என்பதால் நம் ஆட்கள் அவருக்கு விசில் என்றே பேர் வைத்திருந்தார்கள். யாராவது ஏதாவது சொல்ல வந்தால், விசில் தன் கைபேசியை வாயருகே நீட்டுவார். நாம் தமிழில் பேசினால் அது ஆங்கிலத்தில் சொல்லும்.

அன்று சாயங்காலம் இவர் வரும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஃபோன்ல கேட்டாரு. சிரிச்சாரு. பக்கத்துல நின்னவங்களும் சிரிச்சாங்க. தோளத் தட்டி, சாக்கு தைக்கிற மெஷினுக்குப் போன்னுட்டாரு."

"சிரிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு?"

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? நல்ல மனுஷன்டி."

அந்த வாரத்திலிருந்து தொழிற்சாலையில் எல்லாரும் அவரை வேறு பேரில் கூப்பிட ஆரம்பித்தார்கள். இவருக்கு அது பெருமை. சாப்பிடும்போது மகளிடம் கேட்டார். மகள் ஒரு ஷோரூமில் பில் போடுகிறவள், ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள்.

"கவர்டு, கவர்டுன்னு கூப்பிடுறாங்கம்மா. அப்படின்னா என்ன?"

"மூடியிருக்கிறதுன்னு அர்த்தம்ப்பா. தலையிலேருந்து கால்வரைக்கும் உறை போட்டுக்கிட்டு நிக்கிறீங்கல்ல, அதான்."

"பாத்தியா, நான்தான் ஒழுங்கா மாட்டுறேன். மத்தவனெல்லாம் பாதிதான் மாட்டுறான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் யார் கூப்பிட்டாலும் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். புதிதாக வந்த ஆளிடம் தன் நெஞ்சைத் தொட்டு, "ஐ கவர்டு" என்று தானே சொல்லியிருக்கிறார். சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

உண்மையை உடைத்தவன் வெல்டர். தொட்டியில் விரிசல் விட்டால் உள்ளே இறங்கிப் பற்றவைக்கிற பையன், நம் பாஷைக்காரன், எங்கள் மாடியில்தான் குடியிருக்கிறான். போன வருஷம்தான் கல்யாணம் ஆயிற்று. பெண்டாட்டி வந்து சேரும்வரை என் வீட்டில்தான் சாப்பாடு. என்னை அண்ணி என்பான், இவரை அண்ணே என்பான். அவன் என்ன சொன்னான் என்று இவர் வந்து அப்படியே என்னிடம் சொன்னார்.

"அண்ணே, அந்தப் பேருக்கெல்லாம் திரும்பிப் பாக்காதீங்க. அது கவர்டு இல்ல, கவர்ட். கோழைன்னு அர்த்தம்" என்றிருக்கிறான்.

இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். "அப்படியா! அப்போ விசிலுக்குப் புரிஞ்சிருக்கு. கோழைதானப்பா, நெஞ்சு பூரா கட்டிக் கெடக்கு."

வெல்டர் தலையில் அடித்துக்கொண்டானாம். "ஐயோ அண்ணே, அந்தக் கோழை இல்ல. பயந்தாங்கொள்ளி. நீங்க சளியச் சொன்னீங்க, ஃபோன் பயந்தாங்கொள்ளின்னு சொல்லியிருக்கு. நீங்களே ஒத்துக்கிட்டதா நெனச்சுத்தான் இத்தன நாளும் சிரிக்கிறானுங்க."

இதை என்னிடம் சொல்லி முடித்தபோது இவர் கையில் தண்ணீர்ச் செம்பு அப்படியே இருந்தது. மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். தான் சொன்ன அர்த்தம் தப்பு என்று தெரிந்து அழுதாள், பாவம். அவர் சொன்ன உச்சரிப்புக்கு அவள் என்ன செய்வாள்?

"இதுல என்ன வந்துச்சு? நாளைக்கு இவளக் கூட்டிட்டுப் போங்க. இவ இங்கிலீஷ்ல புரிய வைப்பா" என்றேன்.

"இத்தன நாள் கழிச்சுப் போய் அது பயம் இல்ல, சளின்னு சொன்னா, பயந்தவன் சாக்கு சொல்றான்னுதான் சொல்வானுங்க. ஒரு தடவ எறங்கி ஏறிட்டு அப்புறம் சொல்றேன். அப்பத்தான் எடுபடும்."

"யாருக்குங்க காட்டணும்? அந்த விசிலுக்கா? அவன் யாரு உங்களுக்கு, மாமனா மச்சானா?"

"நானே என் வாயால சொல்லியிருக்கேன்டி. சிரிச்சுக்கிட்டே, நான் கோழை, நான் கோழைன்னு…"

நான் கெஞ்சினேன். சண்டை போட்டேன். இறங்கினால் என் முகத்தில் முழிக்காதீர்கள் என்றுகூடச் சொன்னேன். எந்த நேரத்தில் என் வாயில் அது வந்ததோ.

மறுநாள் நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். வெல்டர் சலவைக்கூடத்து வாசலில் வந்து நின்றான். "அண்ணி" என்றான், அவ்வளவுதான். உறை மாட்டியபடியே ஓடி வந்திருந்தான். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தொட்டிக்குள் ஏணிக்குக் கீழே கிடந்தாராம். மாஸ்க் கையில் இருந்ததாம்.

விசாரணை தொழிற்சாலையின் மாடி அறையில் நடந்தது. நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பல் கிட்டிக்கொள்கிற அளவுக்கு ஏசி. தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் வந்திருந்தாள். நிர்வாகத்தில் ஒருவர், விசில், எதிரே நானும் மகளும். அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. எனக்குப் புரிகிறதா என்று மகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் பேசினாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தனக்கு நெஞ்சு சரியில்லை என்று அவர் முன்கூட்டிச் சொன்னாரா, இல்லையா? சொல்லியிருந்தால், நோயாளி என்று தெரிந்தே உள்ளே விட்ட குற்றம் அவர்களுடையது. சொல்லவில்லை என்றால், உள்ளே போய்ப் பயந்து தானே மாஸ்க்கைக் கழற்றிவிட்டார் என்று எழுதி மூடிவிடுவார்கள். செத்தும் அந்தப் பேர்தான் அவருக்கு. அதை மட்டும் நான் விடுவதாக இல்லை.

"அப்பா தனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லவே இல்லையாம், விசில் சொல்றாரு. பயமா இருக்குன்னுதான் சொன்னாராம். பாவப்பட்டு வேற வேலை குடுத்தாங்களாம், அப்பா தானா கேட்டுத்தான் எறங்கினாராம். அப்பா பேசினது அந்த ஃபோன்லயே இருக்காம்" என்று மகள் எனக்குச் சொன்னாள்.

விசில் கைபேசியை மேஜைமேல் வைத்துத் தட்டினார்.

"சார்… நெஞ்சு பூரா கோழை சார்." என் வீட்டுக்காரரின் குரல். நடுவில் ஒரு இருமல், நான் வருஷக்கணக்காகக் கேட்ட இருமல். "மாஸ்க் போட்டா மூச்சு முட்டுது. தொட்டிக்குள்ள எறங்க முடியாது சார்."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "கேட்டீங்களா! சொல்லியிருக்காரே! தெளிவா சொல்லியிருக்காரே மகராசன்!" என்று கத்தினேன். அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. அதற்குள் கைபேசி, ஒரு இளம்பெண் குரலில், நிறுத்தி நிதானமாக அதையே ஆங்கிலத்தில் சொன்னது. எனக்கு அதில் ஒரே ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. கவர்ட்.

மகள் படபடவென்று பேசினாள். அந்தச் சொல்லுக்கு நம் பாஷையில் இரண்டு அர்த்தம், அப்பா சொன்னது நெஞ்சுச் சளி, இருமி வந்ததைத் துப்பத்தான் மாஸ்க்கைக் கழற்றியிருப்பார் என்று. விசில் தோளைக் குலுக்கினார். மகள் என்றால் அப்படித்தான் சொல்வாள் என்றாராம். அதிகாரி அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். குடும்பத்து ஆள் சொல்வதை மட்டும் வைத்து எழுத முடியாது, பாஷை தெரிந்த வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். விசிலே வெல்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இரண்டு அர்த்தத்தையும் இவருக்குப் பிரித்துச் சொன்னதே அவன்தானே.

வெல்டர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. அதிகாரி அம்மாள் ஆங்கிலத்தில் கேட்க, கைபேசி அதே குரலில் தமிழில் கேட்டது: "கோழை என்ற சொல்லின் பொருள் என்ன?"

அவன் விசிலைப் பார்த்தான். கழுத்தில் தொங்குகிற அந்த விசிலைப் பார்த்தான்.

"பயப்படுறவன்" என்றான்.

"வேறு பொருள் உண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு… இல்ல."

என் தட்டில் சாப்பிட்டவன். என் வீட்டுக்காரரின் பாடையைத் தூக்கியவன். அடப்பாவி என்று எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அப்போது அவனுக்கு ஒரு இருமல் வந்தது. வாயை இறுக மூடி அடக்கினான். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் முட்டியது. துப்ப இடமில்லாமல், வந்ததை அப்படியே விழுங்கினான். தொண்டைக்குழி ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். இவரும் கடைசி நாட்களில் விருந்தாளிகள் முன்னால் அப்படித்தான் விழுங்குவார்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பையிலிருந்து இவருடைய கைக்குட்டையை எடுத்தேன். துவைத்து இஸ்திரி போட்டது, பழைய நீலக் கறையோடு. மேஜையைச் சுற்றிப் போய் அவன் கையில் வைத்தேன்.

"முழுங்காத தம்பி. துப்பு."

"வேணாம் அண்ணி…"

"உனக்கும் கட்டிடுச்சுல்ல? என்கிட்டயே மறைக்கிறியா? நாளைக்கு உன் பொண்டாட்டி வந்து இந்த நாற்காலியில உக்காருவா. அப்போ ஒருத்தன் வந்து, எனக்குத் தெரிஞ்சு இல்லன்னு சொல்வான். துப்புடா!"

அடுத்த இருமல் அவனைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. குனிந்து, நெஞ்சே பிய்த்துக்கொண்டு வருகிற மாதிரி இருமினான். கைக்குட்டையை எடுத்துப் பார்த்தவன் அழ ஆரம்பித்துவிட்டான். பழைய கறைக்குப் பக்கத்தில் புதிது விழுந்திருந்தது, அதே நீலம்.

"இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டேன்.

"கோழை, அண்ணி."

"என்னப் பாத்து இல்ல. அவங்களப் பாத்துச் சொல்லு."

அவன் கைக்குட்டையை விரித்து, அதிகாரி அம்மாள் பக்கமாக நீட்டினான். "கோழை" என்றான், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி.

மேஜைமேல் கைபேசி இன்னும் விழித்துக்கொண்டிருந்தது. "கவர்ட்" என்றது.

யாரும் சிரிக்கவில்லை. வெல்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான், அது தன்னைத்தான் சொன்னது என்கிற மாதிரி. அவன் கைக்குட்டையை மடிக்கப் போனான். நான் விடவில்லை. விரித்தபடியே மேஜைமேல் வைக்கச் சொன்னேன். அதிகாரி அம்மாள் கைபேசியைக் கவிழ்த்துத் தள்ளி வைத்துவிட்டு, கைக்குட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.